பின் சீட்டுக்காரர்கள்

உங்கள் கார் வாசலில் நிற்கிறதா? பின்பக்கம் போய் ஒரு மூலையில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பு பாரத்தோடு அமுக்கிவிட்டுச் சட்டென்று கையை எடுங்கள். எழும்பி ஒரே தடவையில் அடங்கினால் சரி. மூன்று, நான்கு தடவை ஊஞ்சலாடினால் ஷாக் அப்சார்பர் ரிட்டயர் ஆகிவிட்டது என்று அர்த்தம். குனிந்து அடியிலும் பாருங்கள். குழாய் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டின புழுதியுமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அந்தப் பெயரே கொஞ்சம் ஏமாற்று. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். அதற்கு ஒரு கெட்ட பழக்கம், வாங்கியதை உடனே திருப்பிக் கொடுத்துவிடும். அமுங்கினால் துள்ளும், துள்ளினால் அமுங்கும். இந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே எண்ணெய், எண்ணெயில் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் பொடித் துளைகள். எண்ணெய் அந்தத் துளைகள் வழியே சிரமப்பட்டுப் போகும்போது துள்ளல் சூடாக மாறிவிடுகிறது. மோசமான ரோட்டில் ஓடிவந்த காரில் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுவென்று இருக்கும்.

வெறும் குலுக்கல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சக்கரம் துள்ளும்போதெல்லாம் டயருக்கு ரோட்டின் மேல் இருக்கிற பிடி தளர்கிறது. பிடியில்லாத டயரை வைத்துக்கொண்டு பிரேக்கை மிதித்து என்ன பயன்? மழை நாளில், வளைவில், கார் வாலை ஆட்டும். இது ஒரே நாளில் கெடுவதும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதால் ஓட்டுகிறவருக்குப் பழகிப்போய்விடும். அவர் பின் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பதும் இல்லை.

எங்கள் காரில் பின் சீட்டு அம்மாவுக்கு. வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபி. 'ஸ்பீட் பிரேக்கர் வந்தா முன்னாடியே சொல்லுடா, பிடிச்சுக்கறேன்' என்றாள். இடுப்பு வலிக்குச் சிகிச்சைக்குப் போகிறவள், போகும் வழியிலேயே இன்னும் கொஞ்சம் வலியை வாங்கிக்கொண்டிருந்தாள்.

கார், 2009 மாடல் மாருதி 800. 2014-ல் தயாரிப்பே நின்றுபோனாலும் பார்ட்ஸுக்குப் பஞ்சமில்லை. சென்னை ஜி.பி. ரோடில் புதுசாக ஒரு ஜோடி வாங்கினேன். புதுப்பேட்டையில் பழசு மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் பிரேக், ஷாக் அப்சார்பர் இரண்டையும் மட்டும் பழசாக வாங்காதீர்கள். ஒற்றையாகவும் வாங்காதீர்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி நொண்டும்.

உதவிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். மெக்கானிக்கல், மூன்றாம் வருஷம். 'அங்கிள், இது டேம்ப்டு ஆசிலேஷன்தானே?' என்று கேட்டு, சமன்பாட்டை மனப்பாடமாகச் சொன்னான். ஸ்பானரை எந்தப் பக்கம் திருப்புவது என்பது மட்டும் சிலபஸில் இல்லை போலிருக்கிறது.

வேலை சின்னதுதான். மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். ஆனால் காருக்கு அடியில் கையும் தலையும் போவதால் சில விஷயங்களில் சமரசம் கூடாது.

பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக் உதவாது. அது பிடிப்பது பின் சக்கரங்களை. அவைதான் அந்தரத்தில் இருக்கின்றனவே! கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கி, தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்ட் வேண்டும். செங்கல்லை அடுக்காதீர்கள், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

பின் அச்சுக்கு அடியில் ஜாக்கியால் முட்டுக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். இல்லாவிட்டால் அச்சு தொங்கிப்போய் பிரேக் ஹோஸை இழுக்கும், ஸ்பிரிங்கும் நழுவும். கடைசி முறுக்கு, கார் நான்கு சக்கரத்திலும் தரையில் நின்ற பிறகு. அந்தரத்திலேயே முறுக்கினால் ரப்பர் புஷ் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

முந்தின ராத்திரியே துருவுக்கு எண்ணெய் விட்டு வைத்திருந்தும், ஒரு கீழ் போல்ட் மட்டும் முக்கால் மணி நேரம் சண்டை போட்டது. மற்ற மூன்றும் அரை மணியில் முடிந்தன.

கழற்றிய பழசைப் பையன் தரையில் நிறுத்தி, ஒரே விரலால் தண்டை அமுக்கினான். தடையே இல்லாமல் உள்ளே போயிற்று. புதுசை அமுக்க உடம்பு பாரம் முழுவதும் தேவைப்பட்டது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். 'பாட்டி இத்தனை நாள் இதுமேலயா உட்கார்ந்துட்டு வந்தாங்க?' என்றான். மூன்று வருஷம் காலேஜில் படித்தது அந்த நிமிஷத்தில்தான் அவனுக்குப் புரிந்திருக்கவேண்டும்.

அடுத்த பிசியோதெரபி நாளில் நான் வாயைத் திறக்கவில்லை. முதல் ஸ்பீட் பிரேக்கர், இரண்டாவது, மூன்றாவது. பின் சீட்டிலிருந்து சத்தமே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அம்மா சொன்னாள்:

'பரவாயில்லைடா, ரோட்டை நன்னா போட்டுட்டான் கார்ப்பரேஷன்காரன்!'