21 வாட் பல்பு சொன்ன பாடம்

ஓம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாம் ஒப்பிப்போம். நானும் எழுதி மார்க் வாங்கியவன்தான். ஆனால் அது எனக்கு நிஜமாகப் புரிந்தது வகுப்பறையில் அல்ல. திண்டுக்கல்லில் ஒரு தகரக் கொட்டகையில், ஒரு காரின் ஸ்டீயரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த ஒரு சாயங்காலத்தில்!

இன்பிளான்ட் ட்ரெயினிங் முடியப் பத்து நாள் இருந்தது. சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டும் ஓர் அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்கு போன் செய்தார். பட்டனை அமுக்கினால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஸ்டீயரிங்கும் திரும்பவில்லை. கட்டி இழுத்து வரலாம் என்றால், ஸ்டீயரிங் பூட்டிய வண்டியை எப்படி இழுப்பது?

"நீ போய்ப் பாத்துட்டு இரு தம்பி. இந்த வேலைய முடிச்சிட்டு வர்றேன்" என்று எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் என்னை அனுப்பினார். கையில் ஸ்கேனர், மல்டிமீட்டர். எனக்கோ பெருமை தாங்கவில்லை!

இந்த ஸ்டீயரிங் லாக் திருட்டைத் தடுக்க வந்தது. மேற்கு ஜெர்மனியில் 1963-ல் பழைய கார், புதிய கார் எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கினார்கள். பிரிட்டனில் 1971 முதல் புதிய கார்களுக்கு வந்தது. சாவி போட்டுத் திருப்பும் வண்டியில் சாவியே பூட்டைத் திறக்கும். பட்டன் ஸ்டார்ட் வண்டிகள் பலவற்றில் ஒரு சின்ன மோட்டார் அந்த வேலையைச் செய்யும். ஸ்டீயரிங் தண்டின் பள்ளத்தில் இறங்கியிருக்கும் இரும்புத் துண்டை மோட்டார் வெளியே இழுக்க வேண்டும். இழுத்தாயிற்று என்று உள்ளே இருக்கும் சென்ஸார் சொன்னால்தான் இக்னிஷன் வரும். பாதி பூட்டிய ஸ்டீயரிங்கோடு வண்டி கிளம்பிவிடக் கூடாதல்லவா?

போனதும் பாட்டரியைப் பார்த்தேன். 12.4 வோல்ட். பரவாயில்லை. சக்கரம் எதிலாவது முட்டி நின்றால் பூட்டு இறுகிவிடும் என்று படித்திருந்ததால், ஸ்டீயரிங்கை இருபக்கமும் ஆட்டிக்கொண்டே பட்டனை அமுக்கச் சொன்னேன். லேசாக ஒரு 'டிக்'. அவ்வளவுதான். ஸ்கேனரை மாட்டினேன். ஸ்டீயரிங் லாக் கோளாறு என்று கோடு வந்தது.

ஏர்பேக் உள்ள வண்டி என்பதால் பாட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்துத்தான் கவரைப் பிரித்தேன். மஞ்சள் கனெக்டர் பக்கமே கை போகவில்லை. மறுபடி பாட்டரியை மாட்டி, லாக்குக்கு வரும் கனெக்டரில் மீட்டரை வைத்தேன். சப்ளை 12.4 வோல்ட். எர்த் ஒயருக்கும் பாடிக்கும் கண்டினியூட்டி வைத்தேன். 'பீப்' என்று சத்தம் வந்தது. வரவேண்டியதெல்லாம் வருகிறது, அப்புறம் என்ன?

"லாக் போச்சுண்ணே. புதுசுதான் போடணும். கோடிங் எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல ஆகும்" என்றேன், ஏதோ இருபது வருடம் சர்வீஸ் போட்டவன் மாதிரி!

அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடிகாலை நாலு மணிக்குப் பழனிக்கு ஒரு குடும்பத்தை ஏற்ற வேண்டும், அட்வான்ஸும் வாங்கிவிட்டார். கொஞ்சம் தள்ளிப் போய் வீட்டுக்கு போன் செய்தார். "அந்த வளையல எடுத்து வை. நான் வர்றேன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அப்போதுதான் எங்கள் அண்ணன் வந்து சேர்ந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "லோடு குடுத்துப் பாத்தியா?" என்றார். எனக்குப் புரியவில்லை. பையிலிருந்து ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பை எடுத்தார். 21 வாட், இரண்டு ஒயர் வைத்துச் சால்டர் செய்தது. லாக்கின் கனெக்டரைக் கழற்றி, சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே அதைக் கொடுத்தார். பல்பு அழுது வடிந்தது! எர்த் பக்க ஒயரை மட்டும் எடுத்துச் சுரண்டிய பாடி போல்ட்டில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது!

"இப்ப எர்த் பின்னுக்கும் பாடிக்கும் வோல்ட் பாரு" என்று பல்பைப் பழைய இடத்தில் மாட்டினார். 5 வோல்ட்! கால் வோல்ட்கூட இருக்கக் கூடாத இடம் அது.

நோட்டில் கணக்குப் போட்டேன். எர்த் பாதையில் சுமார் 4 ஓம். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்பதால் அதற்கு 12.4 முழுசாகத் தெரிந்தது. 4 ஓம் இருந்தாலும் 'பீப்' கத்தத்தான் செய்யும். ஆனால் மோட்டார் 2 ஆம்பியர் கேட்டால் 8 வோல்ட் எர்த்திலேயே போய்விடும், மோட்டாருக்கு மிச்சம் நாலு சொச்சம். பாவம், அது 'டிக்' என்றதே பெரிது!

கறுப்பு ஒயரைத் தடவிக்கொண்டே போனால், இடதுபக்க டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. மேட்டைத் தூக்கினால் ஈரம்! ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் மண்ணடைத்து, தண்ணீர் உள்ளேயே வடிந்திருக்கிறது. லக்கில் பச்சையாகப் பாசம் பூத்திருந்தது. போல்ட்டை எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து, புது லக் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். ஏசி குழாயையும் அடைப்பு எடுத்தோம். கோடை அழித்துவிட்டுப் பட்டனை அமுக்கினார். 'க்ளக்'! ஸ்டீயரிங் திரும்பியது, வண்டி உறுமியது.

கூலி அறுநூறு ரூபாய். அவர் முதலில் செய்தது வீட்டுக்கு போன். "வளையல உள்ள வச்சிரு."

நான் அவரிடம் போய், "அண்ணே, நான்தான் அவசரப்பட்டுத் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். "அதுனால என்ன தம்பி, படிக்கிற புள்ளதானே" என்று டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

நண்பர்களே, ஸ்கேனர் எந்தப் பக்கம் வலி என்று மட்டும்தான் சொல்லும். காரணத்தை நாம்தான் தேட வேண்டும். மீட்டர் காட்டும் 12 வோல்ட்டும் லோடு கொடுத்த பிறகு நிற்கிறதா என்று பார்த்தால்தான் கணக்கு. "பார்ட் போச்சு" என்று சொல்ல நமக்கு ஒரு விநாடி போதும். அந்த ஒரு வார்த்தைக்கு யார் வீட்டிலோ ஒரு வளையல் பீரோவை விட்டு வெளியே வருகிறது.

அந்த 21 வாட் பல்பு மாதிரி ஒன்றை நானும் செய்து வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் ஆட்டோமொபைல் லேபுக்கு வாருங்கள், சால்டர் செய்து தருகிறேன்!

— மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்