பேச்சு மட்டும் கேட்கவில்லை

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கிறது. ஒரு ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று. மறு ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் உறுமல். இரண்டுக்கும் இக்கட்டுரையில் வேலை இருக்கிறது. ஆதலால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

அப்பாவுக்குச் சினிமா என்றால் உயிர். அவர் பார்த்த படங்களில் பாதிக்கு மேல் தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரில் பார்த்தவைதாம். 2020-இல் அது மூடப்பட்டபோது, வீட்டில் மூத்தவர் ஒருவர் போய்விட்டதைப் போல இரண்டு நாள் யாருடனும் பேசாமல் இருந்தார். பிறகு, “இனிமே தியேட்டர் நம்ம வூட்லதான்” என்று சொல்லி, சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கி வந்தார். முன்னால் இடம், வலம், நடு என மூன்று ஒலிபெருக்கிப் பெட்டிகள், பின்னால் இரண்டு, மூலையில் தரை அதிர முழங்கும் வூஃபர் ஒன்று. ஐந்து பெட்டிகளை 5 என்றும், தடித்த ஓசைக்கு மட்டுமே உள்ள வூஃபரை .1 என்றும் கணக்கிட்டு அதை 5.1 என்கிறார்கள்.

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையில் தகராறு தொடங்கியது. “பாட்டு கத்துது, பேச்சைக் காணோம்” என்று அப்பா ஒலியைக் கூட்டுவார். உடனே சண்டைக் காட்சி வரும். ஆயா காதைப் பொத்திக்கொள்வார். தூங்கும் குழந்தைக்காகப் பக்கத்து வீட்டு அக்கா சுவரைத் தட்டுவார். பழுது பார்க்க வந்தவர் திறந்துகூடப் பார்க்காமல், ஆம்ப்ளிஃபையரையே மாற்ற வேண்டும், நாலாயிரம் ஆகும் என்றார். அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்து, “நான் பார்க்கட்டுமா?” என்று கேட்டேன். வகுப்பில் அப்போது ஒலியியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. சிஸ்டரிடம் கேட்டபோது, “ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

படத்தில் பேச்சு பெரும்பாலும் நடுப் பெட்டி வழியாகத்தான் வருகிறது. ரிமோட்டில் சோதனை ஒலி என்று ஒன்று உண்டு. அதை அழுத்தினால் ஒவ்வொரு பெட்டியாக ‘உஸ்’ என்று சுற்றி வரும். நடுப் பெட்டியில் மட்டும் கரகரத்தது. நடுப் பெட்டியையும் இடப் பெட்டியையும் இடம் மாற்றினேன். கரகரப்பு நடுவிலேயே நின்றது. பெட்டியின் மேல் குற்றமில்லை. அடுத்து வயரை மட்டும் மாற்றினேன். கரகரப்பு ஓடிப்போயிற்று! பழைய வயரின் முனையைக் கழற்றிப் பார்த்தால், செப்புக் கம்பி குளத்துப் படிக்கட்டைப் போலப் பச்சை பிடித்திருந்தது. எல்லாம் உப்புக் காற்றின் வேலை. இரண்டு விரற்கடை வெட்டி, புதிதாகச் சீவி, முறுக்கிச் சொருகினேன். நாலாயிரம் ரூபாய் மிச்சம்.

இடப் பெட்டியின் வயரில் சிவப்பு, கறுப்பு அடையாளமே இல்லை. அதை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் செல் ஒன்றைத் தொட்டுத் தொட்டு எடுத்தேன். செல்லின் கூட்டல் முனை சரியான கம்பியில் பட்டால், பெட்டியின் கூம்புத் தாள் வெளியே துள்ளும்; மாறிப் பட்டால் உள்ளே போகும். எங்கள் வீட்டில் அது தலைகீழாக மாட்டியிருந்தது. வலப் பெட்டி காற்றைத் தள்ளும்போது இடப் பெட்டி இழுத்தால் தடித்த ஓசை ஒன்றையொன்று தின்றுவிடும். தொலைக்காட்சியின் அமைப்பிலோ, இரண்டு வழி ஒலி மட்டும் வெளியே போகும்படி யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். (யாரோ அல்ல, தம்பிதான்.) அதனால் நடுவுக்கென்று தனியே வர வேண்டிய பேச்சு இசையோடு கலந்துபோயிருந்தது.

எஞ்சியது ‘உம்ம்’ என்ற ஓயாத முனகல். கேபிள் டி.வி. வயரைப் பிடுங்கியதும் நின்றது. எர்த் இரண்டு வழியாக வந்தால் இந்த 50 ஹெர்ட்ஸ் முனகல் பிறக்குமாம். எல்லா ப்ளக்குகளையும் ஒரே பலகையில் மாட்டியதும் பெரும்பாலும் அடங்கியது. எர்த் முனையை உடைத்துவிட்டால் சரியாகும் என்று எதிர்வீட்டு மாமா யோசனை சொன்னார். தோழியரே, அதைச் செய்துவிடாதீர்கள். கசிவு ஏற்பட்டால் உயிரைக் காப்பது அந்த முனைதான்.

ஞாயிறு மாலை எல்லோரையும் உட்கார வைத்துப் படம் போட்டேன். ஒவ்வொரு சொல்லும் மணியாக விழுந்தது. ஒரு நகைச்சுவைக்கு ஆயா குலுங்கிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, “இன்னாமா சொன்னான் அவன்?” என்றார்.

விளையாடுகிறார் என்றே நினைத்தேன். பிறகு கைபேசியில் அதிர்வெண் ஒலிகளை எழுப்பும் செயலியை எடுத்தேன். 500 கேட்டது. 1000 கேட்டது. 4000 போட்டபோது அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “போட்டுட்டியா?” என்று கேட்டார். அதற்குள் சமையலறைக்குப் போயிருந்த ஆயா அங்கிருந்தே, “இன்னாடி அது விசிலு?” என்று குரல் கொடுத்தார்.

அப்பா 22 ஆண்டுகளாக ஒரு தொழிற்சாலையில் சம்மட்டி இயந்திரப் பிரிவில் வேலை செய்கிறார். நாளுக்கு 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தால் காதுக்கு ஆபத்து என்கிறது மருத்துவம். நம் தொழிற்சாலை விதிகள் 90 வரை விடுகின்றன. 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரு மடங்கு என்பதை நினைத்தால் அந்த 5 சிறியதல்ல. உள் காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட குழலுக்குள் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. இரைச்சலில் செத்தால் அவை மறுபடி முளைப்பதில்லை. இந்தச் சேதம் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் தொடங்கும். உயிரெழுத்துகள் தடித்த ஓசை; அவை தப்பிவிடும். ச, த, ப போன்றவற்றின் மெல்லிய ஓசை போய்விடும். சாவி, தாவி, பாவி எல்லாமே அப்பாவுக்கு ‘ஆவி’தான்! பாட்டு கத்துகிறது, பேச்சைக் காணோம் என்று அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அரையாண்டு மதிப்பெண்ணை நான் அடுப்படியிலிருந்து சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்து அன்றிரவு அழுதேன்.

ஸ்டான்லி மருத்துவமனையில் சோதித்தார்கள். வரைபடத்தில் கோடு சமமாக நடந்து வந்து, 4000-இல் பள்ளத்தில் விழுந்திருந்தது. திரும்பும் பஸ்ஸில், “உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?” என்று கேட்டேன். “தெரியும்மா. வெளியே தெரிஞ்சா வேற டிபார்ட்மெண்டுக்குத் தூக்கிடுவான். ஓ.டி. பூடும்” என்றார். காதடைப்பான் கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் தலைக்கு மேல் வரும் கிரேனின் மணி கேட்காது என்று யாருமே போடுவதில்லையாம். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சிஸ்டரைக் கேட்டேன். சத்தம் முழுவதையும் மறைக்காமல் குறைத்து மட்டும் தரும் அடைப்பான்கள் உண்டு என்றும், மணியோடு சுழலும் விளக்கையும் கிரேனில் வைக்கலாம் என்றும் சொன்னார். அப்பா யூனியனில் கேட்டிருக்கிறார்.

காதுக் கருவிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. அதுவரை ஹோம் தியேட்டரில் நடுப் பெட்டியை மட்டும் 4 புள்ளி கூட்டி, வூஃபரைக் குறைத்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா சுவரைத் தட்டுவதில்லை. நான் அப்பாவின் எதிரே வந்து நின்றுதான் பேசுகிறேன்.

மாலையில் டிபன் பையைக் கழுவ எடுக்கும்போது அடைப்பான் டப்பாவைத் திறந்து பார்ப்பேன். பெரும்பாலும் அழுக்காக இருக்கும். வியாழக்கிழமை மட்டும் புதிதாகவே இருந்தது. கேட்டேன். “ஆவியா?” என்று சிரித்து மழுப்பிவிட்டார்.