வீட்டுக்கு வந்த புகை

எங்கள் வீட்டில் யார் யார் சிகரெட் பிடிப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அப்பா கோப்பிக்கடையில் பிடிப்பார். நான் கோலாலம்பூரில் பிடிப்பேன். பகாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் புகை வந்ததே இல்லை. அம்மாவுக்கு இளைப்பு உண்டு, அது ஒரு காரணம். அப்பா முன்னால் மகன் பிடிக்கக்கூடாது, மகன் முன்னால் அப்பாவும் காட்டிக்கொள்ளக்கூடாது என்பது இன்னொரு காரணம். பதினைந்து ஆண்டுகளாக ஒழுங்காக நடந்துவந்த இந்த ஏற்பாடு 2020 மார்ச் 18-ஆம் தேதி குலைந்தது.

அந்த வாரம் நான் நான்கு நாள் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். 16-ஆம் தேதி இரவு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். வானொலி நிலையத்திலிருந்து அழைத்து, "நீங்கள் அங்கேயே இருங்கள், வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்புங்கள்" என்றார்கள். இப்படித்தான் முப்பது வயதைத் தாண்டிய ஓர் அறிவிப்பாளன் தன் பழைய அறையில், தலைக்கு மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு, கைத்தொலைபேசியில் நாட்டு மக்களுக்கு ஆலோசனை சொல்ல ஆரம்பித்தான். போர்வை எதற்கு என்றால், பக்கத்து வீட்டுச் சேவல் பதிவில் விழக்கூடாது என்பதற்காக.

கையில் ஒன்றரைப் பாக்கெட் இருந்தது. நான்கே நாள் தாங்கியது.

புகையிலை எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. அப்பா கெடீஸ் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தாத்தா விடிவதற்கு முன்பே பால் வெட்டப் போகும்போது கொசுவத்தியைக் கொளுத்தி ஒரு டின்னில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்வாராம். வாயில் சுருட்டு. இரண்டுமே கொசுவுக்குத்தான் என்பாராம். பாட்டிக்கு வெற்றிலையோடு புகையிலை இல்லாவிட்டால் மண்வெட்டி ஓடாது. தோட்டத்துக் கடையின் 555 புத்தகத்தில் அரிசி, கருவாடு, சீனி என்ற வரிசையில் புகையிலையும் மாதா மாதம் ஏறியது. அதைக் கெட்ட பழக்கம் என்று அன்று யாரும் கருதவில்லை. அது மளிகைச் சாமான்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது அப்பா குலை ஏற்றும் லோரிக்கு ஓட்டுநர் ஆனார். சுருட்டு போய் சிகரெட் வந்தது. நான் சிறுவனாக இருந்த 90-களில் சிகரெட்டை நேரடியாகத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்ய முடியாது. ஆனால் பந்தாட்ட லீக்குக்கே டன்ஹில் என்று பெயர். நெகிரி செம்பிலான் ஆடும் இரவெல்லாம் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே நாங்கள் கை தட்டினோம். பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படிக்கும்போது இந்தத் தந்திரத்தைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அதை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்து ஒன்று பற்ற வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2015 கடைசியில் ஒரு பாக்கெட் 17 வெள்ளியைத் தொட்டபோது அப்பா நிறுத்தவில்லை, மலிவான கள்ளச் சிகரெட்டுக்கு மாறினார். 2019-இல் உணவுக்கடைகளில் புகைக்கத் தடை வந்து, மூன்று மீட்டர் தள்ளித்தான் பிடிக்க வேண்டும் என்றானபோதும் நிறுத்தவில்லை. நாற்காலியை எடுத்துக்கொண்டு சாலையோரத்துக்குப் போனார். அந்த ஆண்டின் அரசாங்கச் சுகாதார ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 21.3 விழுக்காட்டினர் புகைப்பவர்கள். ஐந்தில் ஒருவர். எங்கள் வீட்டில் மூன்றில் இருவர்.

இனி ஐந்தாவது நாளுக்கு வருகிறேன். கடைக்குக் குடும்பத்துக்கு ஒருவர்தான் போகலாம். ஏப்ரல் தொடங்கியதும் அது குடும்பத் தலைவர்தான் என்றும், பத்து கிலோமீட்டருக்குள்தான் என்றும் ஆனது. எங்கள் குடும்பத் தலைவர் யார் என்பதில் சந்தேகமில்லை. அம்மா பட்டியல் சொல்ல, நான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். வெங்காயம், டின் மீன், மாவு. எழுதி முடித்தும் காகிதத்தைக் கொடுக்காமல் நின்றேன். ஐம்பது வெள்ளியை நீட்டி, "கொஞ்சம் கூடப் போனாலும் பரவால்லப்பா" என்றேன். என்ன கூட என்று அவர் கேட்கவில்லை.

திரும்பி வந்தவர் சாமான்களை மேசையில் வைத்தார். பிறகு பின்பக்கம் போய்ச் சலவை இயந்திரத்தின் மேல் ஒரு பாக்கெட்டை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அவருடைய மலிவு ரகம் அல்ல அது. நான் பிடிக்கும் ரகம். பதினைந்து ஆண்டுகளாக மறைத்தவனுக்கு அந்தப் பாக்கெட்டைக் கையில் எடுக்கவே கூசியது. ஆனாலும் எடுத்தேன்.

கோப்பிக்கடையில் உட்கார முடியாது, பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும். எனக்கும் கோலாலம்பூர் இல்லை. இரண்டு பேரின் புகையும் வீட்டுக்கு வந்தது. அவர் காலை ஆறரைக்குப் பின்பக்க லோங்காங் ஓரம் நிற்பார், நான் எட்டுக்கு. மாலையில் அவர் ஐந்துக்கு, நான் ஆறரைக்கு. பேசிவைத்துக்கொண்டதில்லை. எனக்கு வேலைப் பதற்றம், அவருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும் பதற்றம். இருவருக்கும் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. அம்மாவின் சமையலறைச் சன்னல் அந்தப் பக்கம்தான் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும்.

ஏப்ரல் கடைசியில் அப்பாவின் பழைய தோட்ட நண்பர்கள் புலனக் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. பிரான்சில் கண்டுபிடித்துவிட்டார்களாம், புகைப்பவர்களைக் கொரோனா அண்டாதாம். அப்பா எனக்குப் படித்தே காட்டினார். முழுப் பொய்யும் அல்ல. பாரிஸ் மருத்துவமனை ஒன்றின் நோயாளிகளில் புகைப்பவர்கள் குறைவாக இருந்ததைப் பார்த்து, நிக்கோட்டினுக்கு ஏதும் பங்குண்டா என்று சோதிக்க நினைத்தார்கள். அது ஓர் ஊகம்தான். புகைக்கச் சொல்லவில்லை. ஆனால் மக்கள் அள்ளிவிடக்கூடாது என்று நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை விற்பனைக்கே அங்கே வரம்பு போட வேண்டியதாயிற்று. தென்னாப்பிரிக்காவிலோ சிகரெட் விற்பனையையே மாதக்கணக்கில் தடை செய்திருந்தார்கள். அங்கேயும் கள்ளச் சந்தைதான் கொழுத்தது.

மே 11-ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களுக்குக் கோவிட் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பது அதன் சாரம். மறுநாள் அதைச் சுருக்கி எழுதி, போர்வைக்குள் உட்கார்ந்து என் மிகப் பொறுப்பான குரலில் பதிவு செய்து அனுப்பினேன். அனுப்பிய களைப்பு தீரப் பின்பக்கம் போய் ஒன்று பற்ற வைத்தேன். பாதி பிடித்திருப்பேன், சமையலறை வானொலியில் என் குரல் கேட்டது. "இந்த நேரத்தில் புகைப்பதை நிறுத்துவது உங்களையும் உங்கள் குடும்பத்தினரையும்..." என்று நான் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார். அவர் கையிலும் ஒன்று. கீழே போட இருவருக்கும் நேரமில்லை.

"நல்லா வாசிச்சிருக்கே தம்பி" என்றார்.

இருவரும் சுவரைப் பார்த்தபடி நின்று பிடித்து முடித்தோம். அப்பாவோடு சேர்ந்து நான் பிடித்த ஒரே சிகரெட் அதுதான். அதில் ஒரு நெருக்கம் இருந்தது என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்வீர்களோ என்னவோ, ஆனால் இருந்தது.

அடுத்த வாரம் ஓர் இரவில் அம்மாவுக்கு இருமல் வந்தது. அந்த நாள்களில் இருமல் என்றால் எப்படிப் பயந்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். காய்ச்சல் இல்லை, ஆனால் மூச்சு வாங்கியது. இளைப்பு மருந்தை இழுத்தும் அடங்க நேரமானது. காலையில் கிளினிக்குக்கு அழைத்தோம். எங்கே போனீர்கள், யாரைச் சந்தித்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, வீட்டில் யாராவது ரொக்கோ பிடிக்கிறார்களா என்று தாதி மலாயில் கேட்டார். தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. அப்பா உடனே, "இல்லை" என்றார். அம்மா அவர் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, மூச்சை இழுத்து இழுத்து, "ரெண்டு பேரு" என்றார்.

பரிசோதனையில் கோவிட் இல்லை. அப்பா அன்று மாலை ஐந்துக்குப் பின்பக்கம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்று நாள் வீட்டில் யாரும் அவரிடம் பேச முடியவில்லை. சோற்றில் உப்பு இல்லை, காற்றாடி சத்தம் போடுகிறது, பக்கத்து வீட்டுச் சேவலை அறுக்க வேண்டும். கிராம்பு மென்றார், ஹேக்ஸ் மிட்டாயை டின் டின்னாகத் தீர்த்தார். ஐம்பது ஆண்டுப் பழக்கத்தை விலையும் சட்டமும் அசைக்கவில்லை, என் குரலும் அசைக்கவில்லை. அம்மா சொன்ன அந்த இரண்டு சொல் அசைத்தது.

என்னை அது முழுதாக அசைக்கவில்லை. வீட்டில் இருந்தவரை விட்டிருந்தேன். ஜூன் 10-ஆம் தேதி மாநிலம் கடக்க அனுமதி வந்ததும் காரை எடுத்தேன். கோலப்பிலா தாண்டி புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் ஓரமாக நிறுத்திப் பற்ற வைத்தேன். பிறகு வேப்புக்கு மாறினேன். நாற்றமில்லை, குரல் கெடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

2021 ஆகஸ்ட் 26-ஆம் தேதி நாட்டில் ஒரே நாளில் 24,599 தொற்றுகள் என்ற எண்ணை வாசித்தது நான்தான். அந்த மாதம்தான் அப்பாவோடு சாலையோர நாற்காலியில் உட்கார்ந்து புகைத்த நண்பர் ஒருவர் மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை. அவருடைய நுரையீரல் முன்பே பழுதாகியிருந்தது. இறுதிச் சடங்குக்கு அப்பாவால் போக முடியவில்லை, எனக்கு மாநிலம் தாண்ட வழியில்லை. அன்றிரவு அப்பா பின்பக்கம் போய் ஒன்றே ஒன்று பிடித்தார் என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். "நான் ஒண்ணும் கேக்கல" என்றார். அதன்பிறகு அவர் தொடவில்லை. நான் வேப்பை விட 2022 ஆனது.

சென்ற தீபாவளிக்குக் குடும்பம் முழுவதும் பகாவில் கூடினோம். அக்காள் மகனுக்கு 16 வயது, 2008-இல் பிறந்தவன். 2007 முதல் பிறந்தவர்களுக்குச் சிகரெட்டும் வேப்பும் எந்த வயதிலும் விற்கக்கூடாது என்று ஒரு சட்டம் வருவதாக இருந்ததே, அந்தத் தலைமுறை. 2023-இல் மசோதா நிறைவேறியபோது அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டார்கள். 18 வயதுக்குக் கீழ் விற்கக்கூடாது என்பது நின்றது. பையன் சாப்பிட்டுவிட்டு என் பழைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சற்று நேரத்தில் அம்மா கூடத்தில் நின்று மூக்கை உறிஞ்சினார். "மாம்பழ வாசனை வருதே, யாரு மாம்பழம் வாங்கினது?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அறைக்கதவைப் பார்த்தேன்.