புதுவையின் பழைய கலங்கரை விளக்கம்

புதுவைக்குச் சுற்றுலா செல்வோர் காந்தி சிலையருகே நின்று கடலைப் பார்ப்பார்கள், சுண்டல் வாங்குவார்கள், திரும்பிவிடுவார்கள். அங்கேயே நிற்கும் பழைய கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்ப்பவர் சிலரே. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் சென்றபோது, மரக்காணம் பக்கத்து மீனவக் குடும்பத்துத் தோழியர்தாம் எங்களை அதனிடம் இழுத்துச் சென்றனர்.

இவ்விளக்கு முதன்முதலாக ஏற்றப்பட்டது 1836ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள். புதுவை அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அதற்கு முன்பு கோரிமேட்டுக் குன்றின்மீது தீ மூட்டி மாலுமிகளுக்கு வழி காட்டினார்களாம். அடைமழையில் அந்தத் தீ என்ன ஆகியிருக்கும்! புயல் நாளில்தானே விளக்கு வேண்டும்?

அக்காலத்தில் கப்பல்கள் கரைக்கு வர இயலாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் சலங்கு என்னும் படகுகளே கரை சேர்த்தன. ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகுகள் அவை. அலை மோதினால் வளைந்து கொடுக்கும். சென்னையில் சலங்கோடு கட்டுமரங்களும் துணைக்குப் போகுமாம், கவிழ்ந்தால் விழுந்தவரைத் தூக்க! இங்கிலாந்தில் கடலில் தத்தளிப்போரை மீட்பதற்கென்றே 1824இல் ஒரு சங்கம் தோன்றி, மீட்புப் படகு நிலையங்களைக் கட்டியது. நம் கரையில் அந்த வேலையைச் செய்தவை நாலு மரக்கட்டைகளும் நீந்தத் தெரிந்த மனிதர்களுந்தாம்.

அந்நாட்டிலே, கலங்கரை விளக்கக் காவலரின் மகள் கிரேஸ் டார்லிங், 1838இல் தந்தையோடு புயலில் படகு வலித்துச் சென்று, உடைந்த கப்பலில் தவித்தவர்களை மீட்டாள். இருமுறை சென்ற அப்படகால் பிழைத்தவர் 9 பேர். அவளுக்கு வயது 22. சிஸ்டர் இதைச் சொன்னதும், "எங்க ஊரில் பெண்ணைப் படகிலேயே ஏற்ற மாட்டார்கள் சிஸ்டர்!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

1979இல் புதிய கலங்கரை விளக்கம் வந்தபின் பழையது அணைந்துவிட்டது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது காலை வெயிலில். அன்று எந்த விளக்கும் உதவியிராது. மிதந்தவர்களை ஊர் ஆண்களே பிடித்து இழுத்தார்கள் என்று அவளுடைய பாட்டி சொல்வாராம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. எங்கள் விடுதியில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜெபமாலை சொன்னோம். முன்கூட்டியே எச்சரிக்கை வந்ததால் அவளுடைய அப்பா கடலுக்குப் போகவில்லை.

"போன பிறகு எச்சரிக்கை வந்தால்?" என்று கேட்டோம்.

"அம்மா வாசலில் அரிக்கேன் விளக்கை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாங்க" என்றாள்.