நூல் கட்டிய அவரை

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. மயிலாடுதுறையில், தெருக்கோடி அம்மன் கோயிலில் அன்று காய்கறி அலங்காரம். நெடும் பஞ்சத்தில் உலகம் வாடியபோது தன் திருமேனியிலிருந்தே காய்களையும் கீரைகளையும் தோற்றுவித்து உயிர்களைக் காத்தவள் சாகம்பரி என்கிறது தேவீ மாகாத்மியம். அந்தக் கோலத்தில் புடலையும் வெண்டையும் சூடி நின்றாள் அம்பிகை. தோளில் அவரைக்காய் மாலை.

மனைவியை இழந்த ஆண்டாதலால், அந்த முதியவர் உள்ளே செல்லாமல் வாசலில் நின்றே வணங்கினார். வயது 68. வங்கியில் 36 ஆண்டுகள் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை மாலையைக் கண்டதும் அவர் நெஞ்சு சற்றே தடுமாறியது. அவருடைய வீட்டுக் கொல்லையிலும் ஒரு காலத்தில் அவரைப் பந்தல் இருந்தது. அது முழுக்க முழுக்க அம்மையாரின் இராஜ்ஜியம். அவர் அதன் நிழலில் அமர்ந்து நாளிதழ் படித்ததோடு சரி. ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. அம்மையார் நோயில் விழுந்த பின் இரண்டு ஆண்டுகளாகப் பந்தல் சரிந்து, கொல்லை புதர் மண்டிக் கிடந்தது. தை மாதத்தில் அவர் காலமானார். வருஷாப்தீகம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பெங்களூருக்கு வந்துவிட வேண்டும் என்று மகன் கேட்டுக்கொண்டான். அவரும் சம்மதித்திருந்தார்.

வீடு திரும்பியவர் சமையலறைப் பரணில் தேடினார். பழைய பால் பவுடர் டப்பா ஒன்றில், சாம்பலுக்குள் அவரை விதைகள் பத்திரமாக இருந்தன. வங்கிப் பழக்கம் விடுமா? எண்ணிப் பார்த்தார். 24 விதைகள். தை மாதத் திதிக்கு இந்தப் பந்தலிலிருந்தே அவரைக்காய் பறித்துச் சமைக்க வேண்டும் என்று அப்போதே மனத்துக்குள் முடிவு செய்தார்.

மறுநாளே ஐந்து குழிகள் தோண்டி, குழிக்கு மூன்றாகப் பதினைந்து விதைகளை ஊன்றினார். காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் தவறாமல் நீர் வார்த்தார். பத்து நாள்கள் கடந்தும் ஒரு முளையும் தலைகாட்டவில்லை. கிளறிப் பார்த்தபோது விதைகள் அழுகிக் குழைந்திருந்தன. அன்றிரவு அவர் உணவு கொள்ளவில்லை. அம்மையார் கைப்பட எடுத்துவைத்தவற்றில் பதினைந்தைத் தம் கையாலேயே அழித்துவிட்டோமே என்ற எண்ணம் அவரை உறங்கவிடவில்லை.

கோயில் நந்தவனத்தைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் பெரியவரிடம் சென்று நடந்ததைச் சொன்னார். பெரியவர் வந்து மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்தார்.

“இது வண்டல் களி ஐயா. விட்ட தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். விரலை ஒரு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். செடிக்குப் பாசம் மட்டும் போதாது, பக்குவமும் வேண்டும்.”

மீதமிருந்த ஒன்பது விதைகளை உடனே தொடக்கூடாது, முதலில் எளிய பயிர்களில் கை பழகட்டும் என்றார் அவர். அதன்படி களிமண்ணோடு மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து, மழைநீர் தேங்காதபடி முக்கால் அடி உயர மேட்டுப்பாத்தி அமைத்தார் அதிகாரி. பொடிப் பொடியான கீரை விதையை மணலோடு கலந்து தூவினார். எறும்புகள் விதையை இழுத்துச் செல்லாமலிருக்கச் சுற்றிலும் சாம்பல் இட்டார். வெண்டை விதையை இரவு முழுதும் ஊறவைத்து, ஓர் அடி இடைவெளியில் ஊன்றினார். நாள்தோறும் செய்தவற்றைப் பழைய டைரியில் குறித்தும் வந்தார். நான்கு வாரத்தில் சிறுகீரை பறிக்கும் பக்குவத்துக்கு வந்தது. அதை ஆய்ந்து, பாசிப்பருப்போடு தாமே மசித்து உண்டார். அம்மையார் மறைந்த பிறகு, உணவின் சுவை அவருக்குத் தெரிந்தது அன்றுதான்.

ஆவணியில், மூன்று குழிகளில் ஒன்பது விதைகளையும் ஊன்றினார். இம்முறை நீர் வார்க்கும் முன் விரல்தான் முதலில் மண்ணைத் தொட்டது. ஐந்து முளைத்தன. மூங்கில் நட்டுக் கயிறு கட்டி, கொடிகளைப் பந்தலில் ஏற்றிவிட்டார். இளந்தண்டுகளில் எறும்புகள் ஏறுவதைக் கண்டு பெரியவரிடம் சொன்னார். அசுவினிப் பூச்சி இருக்கும் இடத்தைத்தான் எறும்பு தேடிப் போகும் என்றார் அவர். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, வாரம் ஒரு முறை மாலையில் தெளித்ததும் பூச்சி குறைந்தது.

ஐப்பசி வந்தது. துலா ஸ்நானத்துக்காக ஊரெங்கும் அடியார்கள் திரண்டார்கள். அடைமழை கொட்டியும், மேட்டுப்பாத்தியும் அவரைக் குழிகளின் மேடும் செடிகளைக் காத்தன. ஆனால் அவரையோ பந்தல் முழுதும் இலையாகவே படர்ந்து நின்றது. ஒரு பூ இல்லை. கார்த்திகை பிறந்தும் இல்லை. திதிக்குள் காய்க்குமா என்ற கவலையில், இன்னும் கொஞ்சம் எரு வைக்கலாமா என்று கேட்டார்.

“வைக்காதீர்கள். இலைதான் இன்னும் பெருகும். நாட்டு அவரை பகல் குறுகி, பனி இறங்கினால்தான் பூக்கும். உங்கள் வேலை முடிந்தது ஐயா. இனி அவன் வேலை. காத்திருங்கள்.”

கணக்கு எழுதியே பழகியவருக்குக் காத்திருப்பது எளிதாக இல்லை. காலையில் கொல்லைக்குச் சென்று பந்தலை அண்ணாந்து பார்ப்பார். பின்னர் அங்கேயே நின்று ஜபத்தை முடித்து வருவார். கர்மத்தில் மட்டுமே உனக்கு அதிகாரம் என்று கண்ணன் கீதையில் உரைத்ததை அவர் எத்தனையோ உபந்நியாசங்களில் கேட்டதுண்டு. பூக்காத பந்தலின் கீழ் நின்றபோதுதான் அதன் பொருள் அவருக்கு விளங்கத் தொடங்கியது. கார்த்திகைக் கடைசியில் ஒரு விடியற்காலை, பனித்துளிகளுக்கிடையே ஊதா நிறத்தில் ஒரு பூங்கொத்து தெரிந்தது. மார்கழி முழுதும் பந்தல் பூத்தது.

தை மாதம் திதிக்கு மகன் வந்தான். அவர்கள் வீட்டுத் திதிச் சமையலில் வெண்டைக்கு இடமில்லை, அவரைக்கு உண்டு. விடியுமுன் தந்தையும் மகனும் சேர்ந்து ஒரு கூடை அவரைக்காய் பறித்தார்கள். கூடையைக் கையில் ஏந்திய மகன், “அம்மா விதையா அப்பா?” என்று மட்டும் கேட்டான். அதற்கு மேல் இருவராலும் பேச முடியவில்லை.

சடங்குகள் நிறைவேறி, பிண்டம் கரைத்து, காக்கைக்கு அன்னம் வைத்த பின்னர் மகன் மெல்ல ஊருக்குக் கிளம்பும் பேச்சை எடுத்தான். இருவருக்கும் டிக்கெட் எடுத்திருந்தான். அவர் பதில் சொல்லாமல் அவனைக் கொல்லைக்கு அழைத்துச் சென்றார். பந்தலின் நடுவே, திரண்ட காய்கள் சிலவற்றின் காம்பில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. விதைக்கு விடும் காய்களை யாரும் தவறிப் பறித்துவிடக்கூடாது என்று அம்மையார் ஆண்டுதோறும் கட்டும் அதே அடையாளம்.

“இவை கொடியிலேயே முற்றிக் காய வேண்டுமப்பா. மாசி கடைசி ஆகும்.”

மகன் அந்த நூலைத் தொட்டுப் பார்த்தான். “அப்படியானால் பங்குனியில் வருகிறேன் அப்பா. வரும்போது மாடிக்கு நாலு தொட்டி வாங்கி வைத்துவிட்டு வருகிறேன்” என்றான்.

மாசிக் கடைசியில் காய்கள் சருகாகக் காய்ந்தன. உரித்தெடுத்து எண்ணினார்: 61 விதைகள். டைரியில் குறித்துவிட்டு, ஒரு கைப்பிடியை நந்தவனத்துப் பெரியவருக்குக் கொடுத்தார். மற்றவற்றை அதே டப்பாவில், புதிய சாம்பலில் இட்டு மூடினார்.