கார்ப்பெட்டுக்குக் கீழே

அமெரிக்காவில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். குளிர், தனிமை, பஸ் இல்லாத ஊர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு புகார் இருக்கும். என் புகார் கார்ப்பெட். ஹால், படுக்கையறை, மாடிப்படி என்று ஒரு இடம் விடாமல் சுவருக்குச் சுவர் அடித்துவைத்த கார்ப்பெட். சுருட்டி எடுத்துப்போய் உதற முடியாது. மொட்டை மாடியில் காயப்போட முடியாது. சிவப்பு சிமென்ட்டோ, மொசைக்கோ, டைல்ஸோ, எதுவானாலும் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றித் தள்ளிவிட்டுப் பழகிய நமக்கு, கழுவ முடியாத தரை என்பதே ஜீரணமாகாத விஷயம்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. வீடு மரம், தரை பிளைவுட். நடந்தால் கீழ்வீட்டுக்குக் கேட்கும். குளிர்காலத்தில் வெறுங்கால் வைக்க முடியாது. மெத்தென்று ஏதாவது வேண்டியிருக்கிறது. அது மலிவாகக் கிடைக்க வழி செய்ததில் ஒரு சின்னப் பெண்ணுக்குப் பங்கு உண்டு. ஜார்ஜியா மாநிலம், டால்ட்டன் ஊர்ப்பக்கம் கேத்தரின் எவன்ஸ் என்ற பெண், 1895-ல், தன் பதினைந்தாவது வயதில், நூலைக் குஞ்சம் குஞ்சமாகக் குத்தி ஒரு படுக்கை விரிப்பு செய்தாள். 1900-ல் ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றாள். அந்தக் கைவேலை ஊர் முழுக்கப் பரவி, பிறகு மெஷினுக்கு மாறி, கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கியது. டால்ட்டனுக்கு இன்று 'உலகத்தின் கார்ப்பெட் தலைநகர்' என்று பெயர்.

சரி, கதைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நியூஜெர்ஸியில் என் மகன் வீட்டில் இருந்தேன். பேரனுக்கு எட்டு மாதம். தவழ ஆரம்பித்திருந்தான். அவனுக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்த இன்னொரு ஜீவன் லட்டு. பன்னிரண்டு வயது லாப்ரடார், பெண் நாய். சாதுவென்றால் அப்படியொரு சாது. பேரன் காதைப் பிடித்து இழுத்தாலும் பெருமூச்சு விடுமே தவிர, உறுமாது.

அந்த லட்டு, ஹால் கார்ப்பெட்டில் உச்சா போக ஆரம்பித்தது.

முதலில் ஒரு இடம். அப்புறம் இரண்டு, மூன்று. வீட்டுக்குள் நுழைந்தாலே வாடை மூக்கில் ஏறும். பேப்பர் டவல், சோப்பு, சமையல் சோடா, வினிகர் எல்லாம் ஆயிற்று. ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்து, ஆவி பறக்கும் வெந்நீரால் கழுவிவிட்டு, நூற்றைம்பது டாலர் வாங்கிக்கொண்டு போனார். மூன்று நாள் ரோஜாப்பூ வாசனை. நாலாம் நாள் மழை. அன்றைக்கு அடித்த வாடை, அதற்கு முன்பு அடித்ததைவிட அதிகம்.

"குழந்தை வந்த பொறாமை. வேணும்னே பண்ணுது" என்றார் பக்கத்து வீட்டு குஜராத்தி அம்மாள். என் மனைவியும் அதை ஆமோதித்தாள். மகன் ஒருநாள் பொறுமை இழந்து, ஈரமான இடத்தைக் காட்டி லட்டுவை அதட்டினான். அது காதுகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாத முகத்தோடு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தது.

மருமகள்தான் ஒருநாள் ராத்திரி மெல்ல ஆரம்பித்தாள். "மாமா, குழந்தை அந்த இடத்துலதான் தவழறான். அந்தக் கையை வாயில வச்சுக்கறான். லட்டுவை யார்கிட்டயாவது குடுத்துடலாம்னு சொன்னா நான் பொல்லாதவளாயிடுவேன்."

"பன்னிரண்டு வயசு நாயை யாரும்மா எடுத்துப்பாங்க?" என்றான் மகன். "ஷெல்ட்டர்ல விட்டா..."

அவன் முடிக்கவில்லை. யாரும் முடிக்கச் சொல்லவும் இல்லை.

கடைசி முயற்சியாக, ஆபீஸ் நண்பர் ஒருவர் சொன்னார் என்று, ஒரு போலந்துக்காரரை வரவழைத்தான். அறுபது வயதிருக்கும். வேனை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர் கையில் மெஷின் எதுவும் இல்லை, ஒரு டார்ச் மட்டும். திரைச்சீலைகளை எல்லாம் மூடச்சொன்னார். டார்ச்சைப் போட்டார். புற ஊதா ஒளி. சும்மா பார்த்தால் சுத்தமாகத் தெரிந்த கார்ப்பெட்டில், மங்கலான மஞ்சள் பச்சையில் திட்டுத் திட்டாக மின்னியது. சிறுநீர்க் கறைக்கு அந்த வெளிச்சத்தில் ஒளிரும் குணம் உண்டு. ஒவ்வொன்றையும் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டே போனார். ஏழு இடங்கள்.

பிறகு ஒரு மூலையில் இடுக்கியால் கார்ப்பெட்டைக் கவ்வித் தூக்கினார். நாம் மிதிப்பது மேல்தோல்தான். அதற்கு அடியில் கெட்டித் துணி. அதற்கும் அடியில் அரை அங்குல கனத்துக்கு ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு பேட். அதற்கும் கீழே பிளைவுட். மேலே உள்ளங்கை அகலம் தெரிந்த கறை, பேட்டில் தோசைக்கல் அகலத்துக்குப் பரவியிருந்தது.

"வெந்நீர்க்காரர் மேலே இருந்ததைக் கீழே அனுப்பிவிட்டுப் போயிருக்கிறார்" என்றார்.

அவர் விளக்கியதன் சாரம் இது. சிறுநீரில் இருக்கும் யூரியாவை பாக்டீரியா தின்று அமோனியாவாக்குகிறது. மூக்கைத் துளைக்கும் வாடை அதுதான். தண்ணீர் காய்ந்தாலும் உப்புகள் பேட்டிலேயே தங்கிவிடும். காற்றில் ஈரம் ஏறினால் அவை ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி நாற ஆரம்பிக்கும். மழை நாளில் வாடை கூடியது அதனால்தான். சாதாரண கார்ப்பெட் மெஷின் நூலிழையில் இருக்கும் தண்ணீரைத்தான் உறிஞ்சும். பேட்டில் இருப்பதை அதனால் தொட முடியாது. சென்ட் அடிப்பது மூக்கை ஏமாற்றும் வேலை.

அப்புறம்தான் வேனிலிருந்து அந்தக் கருவியைக் கொண்டுவந்தார். பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஓர் அடி அகலத்தில் தட்டையான ஒரு தட்டு. அடிப்பக்கம் ஓட்டைகள். மேலே ஒரு தடித்த குழாய், அது வேனில் இருக்கும் வேக்குவம் மெஷினுக்குப் போகிறது. கறை பட்ட இடத்தில், பேட் வரை இறங்கும் அளவுக்கு என்சைம் கலந்த திரவத்தைத் தாராளமாக ஊற்றினார். கால் மணி நேரம் ஊறவிட்டார். பிறகு தட்டை அதன்மேல் வைத்து, தானே அதன்மேல் ஏறி நின்றுகொண்டார்.

அவ்வளவுதான். ஆள் பாரத்தில் கார்ப்பெட்டும் பேட்டும் ஸ்பாஞ்சைப் பிழிவதுபோல் நசுங்க, பிழிபட்டதை வேக்குவம் உறிஞ்சிக்கொள்கிறது. "இந்தத் தொழிலில் தொப்பையும் ஒரு கருவி" என்று சிரித்தார். குழாயில் கண்ணாடி மாதிரி ஒரு துண்டு இருந்தது. முதலில் அதில் டிகாக்‌ஷன் ஓடியது. அப்புறம் லைட் டீ. அப்புறம் வெறும் தண்ணீர். தெளிந்த தண்ணீர் வரும் வரை விடவில்லை மனிதர். ஓர் இடத்தில் மட்டும் பிளைவுட் வரை ஊறிவிட்டது என்று, பேட்டை வெட்டியெடுத்துப் புதிது வைத்து, பலகைக்கு சீலர் பூசினார்.

குளிரில் குழாய் உறைந்து வெடித்து வீடு நனைந்தாலும் இதே தட்டுதானாம். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஈரத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை. ஃபேன் போட்டுக் காயவைப்பதற்கு முன்னால் முடிந்தவரை தண்ணீராகவே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது என்ன தண்ணீர் என்பது. அவர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: குழாய்த் தண்ணீர், துணி துவைத்த அழுக்குத் தண்ணீர், சாக்கடையோ வெள்ளமோ கலந்த தண்ணீர். மூன்றாவது என்றால் கார்ப்பெட்டையும் பேட்டையும் காப்பாற்றப் பார்க்கக் கூடாது. வெட்டி வெளியே போட வேண்டியதுதான். 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்துவிட்டுப் போன பிறகு, சென்னைத் தெருக்களில் மெத்தைகள் மலைபோல் குவிந்து கிடந்தது நினைவுக்கு வந்தது. 'வெயில்ல போட்டா சரியாயிடும்' என்று எடுத்து வைத்துக்கொண்டவர்களும் நினைவுக்கு வந்தார்கள்.

வேலை முடிந்து பில் எழுதும்போது, அந்தப் போலந்துக்காரர் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கள் நாய் எங்கெங்கே படுக்கும்?"

மருமகள் கையால் காட்டினாள். சோபா பக்கத்தில், ஜன்னல் வெயில் விழும் இடத்தில், குழந்தை விளையாடும் விரிப்பை ஒட்டி... காட்டக் காட்ட அவள் கை மெதுவானது. டேப் ஒட்டிய ஏழு இடங்களும் அவைதான்.

"பொறாமையிலோ கோபத்திலோ போகிற நாய், தான் படுக்கிற இடத்திலா போகும்?" என்றார். "வாசலில் ஒன்று இல்லை, சோபா காலில் ஒன்று இல்லை. இது போகவில்லை, கசிகிறது. டாக்டரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதமும் என்னைக் கூப்பிடுவீர்கள். எனக்குப் பணம் வரும், ஆனால் அது நியாயமில்லை."

டாக்டர் சிறுநீரையும் ரத்தத்தையும் சோதித்தார். கிருமித்தொற்று இல்லை, சர்க்கரை இல்லை, கிட்னி பரவாயில்லை. கருத்தடை ஆபரேஷன் செய்த பெண் நாய்களுக்கு, ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் சிறுநீர்ப்பையின் வாயை மூடும் தசை வயதாக ஆகத் தளர்ந்துவிடுவது உண்டாம். தூக்கத்தில் தானாகக் கசியும். எழுந்து பார்த்தால் ஈரம். நாய்க்கே ஏன் என்று தெரியாது. மாத்திரை கொடுத்தார். இரண்டு வாரத்தில் ஹால் காய்ந்தது.

அன்றைக்கு மருமகள் லட்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு லட்டு இரண்டு வருஷம் இருந்தது. பேரன் நடை பழகியது அதன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான்.

நம் வீட்டில் கார்ப்பெட் இல்லையே, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் வீட்டில் மெத்தை இருக்கிறது. சூத்திரம் அதேதான். ஈரம் பட்டால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் பரவும். வெந்நீர் வேண்டாம். காய்ந்த டவலை மடித்து வைத்து, அதன்மேல் முழு பாரத்தையும் போட்டு அழுத்தி உறிஞ்சி எடுங்கள். டவலை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பிறகுதான் ஃபேனும் வெயிலும்.

அந்த மெத்தையில் படுத்திருப்பவரையும் கொஞ்சம் பாருங்கள். எத்தனை வீடுகளில் பின்கட்டு அறையில் ஒரு பெரியவர், நனைந்த வேட்டியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, யாராவது கேட்டால் தண்ணீர் கொட்டிவிட்டது என்கிறார்? எத்தனை வீடுகளில் அவர் காதுபட 'வேணும்னே பண்றார்' என்கிறோம்? சிறுநீர்த்தொற்றாக இருக்கலாம். புராஸ்டேட்டாக, சர்க்கரையாக, ராத்திரி சாப்பிடும் ஏதாவது மாத்திரையாக இருக்கலாம். பலவற்றுக்கு மருந்து இருக்கிறது.

ரப்பர் ஷீட் வாங்கக் கடைக்குப் போகும் முன், அவரை ஒருமுறை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். போகும் வழியில் வாடையைப் பற்றிப் பேசாதீர்கள். அவருக்கு அது நமக்கு முன்பே தெரியும்.