சோதனைக்குப் பின்னால் மாத்திரையும் வரட்டும்

கேம்பிரிட்ஜ்

அன்புள்ள அக்காவுக்கு,

"உடம்பு நல்லாத்தானே இருக்கு, எனக்கு எதுக்கு சுகர் டெஸ்ட்?" என்று போனில் கேட்டாய். நியாயமான கேள்வி. இந்தப் பக்கத்திலேயே அதைப் பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். கிழக்கு இங்கிலாந்தில் 33 குடும்ப மருத்துவர் நிலையங்கள். சர்க்கரை வர வாய்ப்புள்ள இருபதாயிரம் பேர். 2012இல் முடிவு வந்தது. தேடிப்பிடித்துச் சோதித்த இடங்களிலும் பத்தாண்டில் சாவு குறையவில்லை.

அதை வைத்து நம்மூருக்கும் சோதனை வீண் என்று நான் சொல்லமாட்டேன். இங்கே நோய் எப்போது தெரிந்தாலும் மருந்து காசில்லாமல் கைக்கு வந்துவிடும். தமிழ்நாட்டின் கதை வேறு. பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குச் சர்க்கரை என்கிறது 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. நோய் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 2020 கணக்கெடுப்பில் பத்தில் ஒருவர்தான்.

எல்லார் விரலிலும் குத்தத் தேவையில்லை. சென்னை டாக்டர் வி. மோகன் குழு 2005இல் ஒரு மதிப்பெண் முறை தந்தது. அதற்கு இஞ்சு டேப்பும் சில கேள்விகளும் போதும். உனக்கே போட்டுப் பார்க்கிறேன். ஐம்பது தாண்டியதற்கு 30. அம்மாவுக்குச் சர்க்கரை, 10. இடுப்பு 85 சென்டிமீட்டர், 10. நடையும் இல்லாமல் நாளெல்லாம் தையல் மெஷின் முன்னால் உட்கார்வதற்கு 30. மொத்தம் 80. அறுபதைத் தொட்டாலே ரத்தம் பார்க்க வேண்டும். எல்லைக்கோட்டில் இருப்பதாக வந்தாலும் அது லாபம்தான். டாக்டர் அ. ராமச்சந்திரன் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி எல்லைக்கோட்டில் இருந்தவர்களைச் சும்மா விட்டபோது மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நோயாளியானார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேர்தான்.

ஆனால் நம் பக்கத்துக் கல்வராயன் மலையில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. மரவள்ளிக் காட்டில் கொத்திக்கொண்டிருப்பவரிடம் "அப்பா அம்மாவுக்குச் சுகர் இருந்ததா?" என்று கேட்டால் "இல்லை" என்பார். அவர்களை யார் சோதித்தார்கள்? வயதானவர்களுக்கு அங்கே கேள்வியோடு நிற்காமல் ரத்தமும் பார்க்க வேண்டும்.

குளுக்கோமீட்டர் சந்தேகத்தைத்தான் காட்டும். வெறும் வயிற்றில் ஆய்வகச் சோதனையில் 126 அல்லது அதற்குமேல் வந்தால்தான், அதுவும் மறுபடி பார்த்துத்தான், நோய் என்று உறுதி செய்வார்கள். அதற்காக வெள்ளிமலைக்கு அப்பால் உள்ளவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கீழே இறங்க வேண்டும். சோதனையின் உண்மையான செலவு இதுதான். ஸ்டிரிப் விலை அதில் சிறு பங்கு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. அந்த மாத்திரைப் பை பஸ் போகாத ஊர்களுக்கும் மாதம் தவறாமல் போய்ச்சேர்ந்தால் மட்டுமே சோதனைக்குச் செலவழித்த பணம் பலன் தரும். கண்டுபிடித்துவிட்டு மருந்து தராமல் விட்டால், மனிதனுக்குக் கவலை மட்டும் கூடும்.

அதனால் இந்த வாரமே சோதித்துக்கொள். அந்தத் திட்டத்துக்காக ஊருக்கு வரும் தன்னார்வலரிடம் இரண்டு கேள்வி கேள்: "எனக்கு எவ்வளவு இருக்கு? மலைமேல இருக்கிறவங்களுக்கு அடுத்த மாச மாத்திரை போயிடுச்சா?"

அன்புடன்,
தம்பி